வினோதினியின் பத்து விரல்கள்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில், சேந்திரக்குப்பத்துத் தையல்நாயகி அடுப்பிலிருந்து இறக்கிய டீயை டம்ளரில் ஊற்றி, இருபத்திரண்டு வருஷமாக எடுக்கிற மாதிரியே வெறுங்கையால் எடுத்தாள். எடுத்த வேகத்தில் ஐயோ என்று கீழே போட்டாள். டம்ளர் உருண்டு வாசல்வரை போனது. அடுப்பை விட்டு வெளியே விழுந்த நெருப்புத் துண்டை விரலால் எடுத்து உள்ளே தள்ளுகிறவள், கொதிக்கிற குழம்பில் விரலை விட்டு உப்புப் பார்க்கிறவள் என்று தெருவே கேலி பேசுகிற பொம்பளை அவள். அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்கு டீ சுட்டுவிட்டது.

கையை உதறிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்த்தாள். பத்து விரல் நுனியிலும் ரேகை ஓடியிருந்தது, வரி வரியாக, சுழி சுழியாக, நேற்றுத்தான் யாரோ உட்கார்ந்து பொறுமையாக வரைந்துவிட்டுப் போன மாதிரி. படுக்கப் போகும்வரை அந்த விரல்களில் ஒரு கோடு கிடையாது. முந்திரிப்பருப்பு பாயசத்தில் மிதப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்னும் என்பது கொட்டாயில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பண்ருட்டிச் சீமையின் செம்மண் காட்டில் பலாமரத்திலிருந்து விழுந்து புருஷன் செத்த வருஷம் அவள் கொட்டாய்க்குள் போனாள், போன ஆறாம் மாசத்திலேயே ரேகை போய்விட்டது. கையில் சாம்பலைத் தடவிக்கொள்வார்கள், விளக்கெண்ணெயைத் தடவிக்கொள்வார்கள், ஆனாலும் போகிறது போய்க்கொண்டுதான் இருக்கும். சின்னப் பிள்ளையாக இருந்த வினோதினி சாயங்காலமானால் அம்மாவின் கையை இழுத்து வைத்துக்கொண்டு உஃப் உஃப்பென்று ஊதுவாள். "வலிக்கவே இல்லடி, மரத்துப்போச்சு" என்பாள் தையல்நாயகி. அது பொய் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

இப்போது இடது ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தாள். ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. ஆறு வயசில் பலாச்சுளை எடுக்கிறேன் என்று அரிவாள்மணையில் வினோதினி வெட்டிக்கொண்ட வெட்டு அது; அந்த விரலைத் தன் வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சியவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன் அடித்தது.

"அம்மா, என் வெரலெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சும்மா. கேட்ல மிஷின் எடுக்கவே மாட்டேங்குது" என்றாள் வினோதினி. சென்னைக்குப் போகிற பெரிய ரோட்டில், செல்போன் பாகம் மாட்டுகிற கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். இன்னும் மூன்று மாசம் போனால் நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"தேடாதடி. இங்கதான் இருக்கு" என்றாள் தையல்நாயகி.

"எது?"

"ஒன் வெரலு. பத்தும் இருக்கு. பத்திரமா இருக்கு."

போனில் கம்பெனி பஸ்களின் ஹாரன் கேட்டது.

இது எப்படி நடந்தது என்றால், அதற்கு ஏழு மாசம் பின்னால் போக வேண்டும். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது டவுனில் பொற்கலம் ஸ்டோர்ஸ் திறந்தார்கள், மூன்று மாடி, நின்றால் தானே தூக்கிக்கொண்டு போகிற படிக்கட்டு, உள்ளே மார்கழியையும் மிஞ்சின குளிர். வாசல் வாழைமரத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, கார்டு வேண்டாம், போன் நம்பர் வேண்டாம், ஒரு கையெழுத்துகூட வேண்டாம், பத்து விரலையும் இந்தக் கண்ணாடியில் வைத்தால் போதும், ஆயுசுக்கும் நீங்கள் எங்கள் குடும்பம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விரல் வைத்தவர்களுக்கு எவர்சில்வர் குடம். விரல் எதற்கு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. குடம் என்ன கனம் இருக்கும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

தையல்நாயகியும் வரிசையில் நின்றாள், லீவில் வந்திருந்த மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் முறை வந்தபோது கண்ணாடியில் விரலை வைத்தாள். மீண்டும் முயற்சிக்கவும் என்று எழுத்து வந்தது. சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள், அழுத்தி வைத்தாள். ஏழாவது தடவையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "உங்களுக்குக் கையே இல்லையாம்மா?" என்று அலுத்துக்கொண்டது. தையல்நாயகிக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள், பிறகு ராவும் பகலும் நினைத்து நினைத்துத் தன்னைத் தானே திட்டிக்கொள்ளப் போகிற அந்த ஒரு வார்த்தையை.

"ஒன் கையக் கொஞ்சம் குடுடி."

வினோதினி சிரித்துக்கொண்டே கொடுத்தாள். கொட்டாய்ப் பொம்பளைகளுக்கு இது புதுசு ஒன்றுமில்லை. எந்த மிஷின் முன்னால் நின்றாலும் அது அவர்களைத் தெரியாது என்று சொல்லிவிடும், உடனே வீட்டில் யாருக்கு விரல் நன்றாக இருக்கிறதோ அவர்கள் கை நீட்டுவார்கள், எழுதுகிறவர்களும் வேலை முடிந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். அப்படி அன்றைக்குப் பதினாலு பேர் மகள்களின் விரலை வைத்துத் தங்கள் பெயரைச் சொல்லிக் குடம் வாங்கி வந்தார்கள். பெயர் தையல்நாயகி, விரல் வினோதினி. அதை மறந்தும் போனார்கள்.

ஆடி ஏழாம் தேதி பொற்கலம் ஸ்டோர்ஸின் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து, நாற்பதாயிரம் பேருடைய விரல்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கதவு உடையவில்லை, ஒரு அரிசி மூட்டைகூடக் குறையவில்லை, நாய் குரைக்கவில்லை. கடைக்காரர்கள் பதினொரு நாள் வாயைத் திறக்காமல் வியாபாரம் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள் விடிகிற நேரத்தில், திருட்டுப்போன ரேகைகளெல்லாம் தங்களுக்கு எழுதியிருந்த பெயரைத் தேடிப் போய் அந்தந்தக் கையில் உட்கார்ந்துவிட்டன. நாற்பதாயிரம் பேரில் அந்தப் பதினாலு பேரைத் தவிர எல்லோரும் தன் பெயரில் தன் விரலை வைத்தவர்கள்; அவர்களுக்குக் கையில் லேசாக ஒரு அரிப்புதான். வலது கை அரித்தால் பணம் வரும் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஆனால் பதினாலு வீட்டில் தாய்மார்கள் இளம் விரல்களோடு எழுந்தார்கள், சென்னை ரோட்டிலும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் கட்டிக்கொடுத்த ஊர்களிலும் பதினாலு பெண்கள் வழுவழு விரல்களோடு எழுந்தார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதல் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் ஒருத்தர் கையை ஒருத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்தது, மூன்றாம் நாள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியது, நான்காம் நாள் பழகிவிட்டது. கனகாம்புஜம் என்று ஒருத்தி, தையல்நாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் கொட்டை உடைத்தவள், புது விரல் வந்த குஷியில் ஊசியில் நூல் கோர்த்துக் காட்டினாள், பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு இவ்வளவு மெல்லிசா என்று அழுதாள், பேரனின் கன்னத்தை விடவே மாட்டேன் என்றாள். விழுப்புரத்தில் அவள் மகள், தன் போனைத் தானே திறக்க முடியாமல், யாரிடம் இப்போது உன் விரல் இருக்கிறது என்று புருஷன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பெட்டியோடு வந்து இறங்கிய பிறகுதான் கனகாம்புஜம் அடங்கினாள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு புதுசாக ஒன்றைக் கேட்க ஆரம்பித்தார்கள்: பெண்ணின் விரல் பெண்ணிடமே இருக்கிறதா, இல்லை அம்மாவிடம் இருக்கிறதா? திருட்டுச் செய்தி வெளியே வந்ததும் டவுனில் ஜனங்கள் கை கூப்பும்போது விரலை மடக்கிக்கொண்டார்கள். தையற்கடையில் பத்து விரலுக்கும் குட்டிக் குட்டி உறை தைத்துத் தொங்கவிட்டார்கள், ஒன்பது நாள் நன்றாக விற்றது. அந்த ஒன்பது நாளும் பொற்கலம் ஸ்டோர்ஸில் படிக்கட்டு மட்டும் ஆளில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் எண்ணெய் விலையைக் குறைத்தார்கள், எல்லோரும் மறுபடி கடைக்குப் போய்விட்டார்கள்.

தையல்நாயகியும் போனாள், வேலையிலிருந்து ரெண்டு வாரம் லீவு சொல்லி வந்திருந்த வினோதினியைக் கூட்டிக்கொண்டு. மேனேஜர் தயாளன் நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். தையல்நாயகி விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

"எங்க ரெக்கார்டு சரியாத்தாம்மா இருக்கு. தையல்நாயகின்னு போட்டிருக்கு, ஒங்க கையும் அதையேதான் காட்டுது. இதுல எங்க தப்பு என்ன இருக்கு?"

"இது எம்பொண்ணு கைங்க."

"அப்ப அன்னைக்கு அடுத்தவங்க கைய வெச்சது ஒங்க தப்புதானே?"

தையல்நாயகி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வினோதினிதான் கேட்டாள். "எங்க தப்புன்னே இருக்கட்டும் சார். திருடு போச்சுன்னு பதினோரு நாளா ஏன் சொல்லல? எடுத்துட்டுப் போனவன் நாப்பதாயிரம் பேர் வெரல வெச்சு என்னென்ன தொறப்பான்னு ஒங்களுக்குத் தெரியுமா? பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். கைய எங்க போய் மாத்துறது?"

"போலீஸ்ல சொல்லியிருக்கோம்மா. ஒங்க பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்" என்றார் தயாளன். அந்த வாக்கியம் அவர் தலைக்கு மேலே போர்டிலும் எழுதியிருந்தது. "பேர மாத்தறதுக்கு ஃபாரம் இருக்கு. யார் பேருக்கு மாத்தணுமோ, அவங்க வந்து பத்து வெரலையும் வெச்சாப் போதும்."

வினோதினி தன் பத்து விரலையும் அவர் முன்னால் மேஜைமேல் விரித்து வைத்தாள். கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வழுவழுவென்று இருந்தன. தயாளன் அவற்றைப் பார்த்தார், பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பினார், பையனைக் கூப்பிட்டு ரெண்டு ரவை பாக்கெட் எடுத்து வரச் சொன்னார். நிர்வாகத்தின் வருத்தத்தைத் தெரிவிக்க எல்லோருக்கும் ஆளுக்கு அரைக்கிலோ ரவை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து கம்பெனிக்குப் போனார்கள், விடியற்கால பஸ்ஸில், தையல்நாயகி இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. வழியில் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. பிடித்தால் மகள் விரல் தேய்ந்துவிடுமோ என்று பயம். கேட்டில் வினோதினி விரலை வைத்தாள், மீண்டும் முயற்சிக்கவும் என்று வந்தது. தையல்நாயகி வைத்தாள். வருக வினோதினி என்று ஒரு குரல் தேனாகச் சொன்னது, கம்பிக் கதவு திறந்துகொண்டது. ஆபீசிலிருந்து கழுத்தில் அட்டை தொங்க ஒரு ஆள் வந்தார், இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார், யாரிடமோ போனில் நெடுநேரம் பேசினார்.

"சிஸ்டம் இவங்களத்தான் வினோதினின்னு சொல்லுது" என்றார், தையல்நாயகியைக் காட்டி. "நாங்க சிஸ்டம் சொல்றபடிதான் போக முடியும். இவங்க உள்ள வரலாம். நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாதும்மா."

"மூணு வருஷமா தினம் எனக்கு குட்மார்னிங் சொல்வீங்களே சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்மா. எனக்குத் தெரியும்" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம், அவரே தினமும் அந்தக் கண்ணாடியில் விரல் வைத்துத்தான் உள்ளே போகிறார்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து வினோதினி திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். "நீ வேணா போயேன்மா. உள்ள ஏசி. மத்தியானம் முட்டை போடுவாங்க. மூணு மாசத்துல ஒன்ன பெர்மனென்ட் பண்ணிடுவாங்க." தையல்நாயகி அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள், வைத்த கையை உடனே இழுத்துக்கொண்டு விரல்களைப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மகள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சிரித்தவளும் கூடவே அழுதாள். ஹாஸ்டல் கதவும் விரல் கேட்கும் என்பதால் வினோதினியின் பெட்டியை எடுத்துவரத் தையல்நாயகிதான் உள்ளே போக வேண்டியிருந்தது. மகள் மூன்று வருஷம் படுத்த கட்டிலை, சுவரில் ஒட்டியிருந்த காலண்டரில் நிரந்தரமாகிற தேதியைச் சுற்றிப் போட்டிருந்த வட்டத்தை, அவள் அப்போதுதான் பார்த்தாள்.

ரேகை ஒருநாள் திரும்பும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வந்த வழி போகத் தெரியாதா என்றார்கள். ஆகையால் அதுவரை காப்பாற்ற வேண்டும், அதுதான் தையல்நாயகிக்கு ஒரே கவலை. பாத்திரம் தேய்க்கவில்லை, கோலமாவு எடுக்கவில்லை, சோற்றைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாள். ஆனால் உட்கார்ந்து சாப்பிட வீட்டில் என்ன இருக்கிறது? ஆவணி பிறந்ததும் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். எண்ணெய் பிளாஸ்டிக்குக்கெல்லாம் பயப்படுகிற ஜாதி இல்லை. மத்தியானம் பையைக் கழற்றினால், வலது கட்டைவிரலின் ஓரத்தில் நகத்துக்குப் பக்கத்தில் மூன்று கோடு காணோம். மூன்றே கோடு. மேஸ்திரி சொல்லச் சொல்லக் கேட்காமல், கத்திக்கொண்டு ரோடு வழியாக வீட்டுக்கு ஓடினாள்.

"போவுது வுடும்மா, மூணு கோடுதானே" என்றாள் வினோதினி.

"ஒன் கோடுடி. ஒன் மூணு கோடு. இருபத்திரெண்டு வருஷம் இந்தக் கொட்டாய்ப் பக்கம் ஒன்னத் தலைவெச்சுப் படுக்கக்கூட வுடாம காப்பாத்தினேன். இப்ப நானே அழிச்சுட்டேன்."

வினோதினி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "எங் கையில இனிமே கெட்டுப்போறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், சாயங்காலத்துக்கு என்ன குழம்பு என்கிற மாதிரி.

மறுநாள் காலை வினோதினி அம்மாவின் பழைய சேலையை இடுப்பில் வரிந்து கட்டி, சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். தையல்நாயகியின் பலகையில் உட்கார்ந்தாள். மேஸ்திரி நோட்டில் தையல்நாயகி என்றே குறித்துக்கொண்டார், இடம் அந்தப் பெயரில்தான் இருந்தது. அவளைப் பார்த்து, ஒரு வாரத்துக்குள் கனகாம்புஜத்தின் மகள் வந்தாள், இன்னொருத்தி மகள் வந்தாள், புரட்டாசிக்குள் பதினாலு பலகையிலும் பதினாலு பெண்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. பதினாலு தாய்மார்கள் வீட்டு வாசலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தெரு வழியாகப் போகிறவர்களுக்கு அவர்கள் எதற்கோ காத்திருக்கிற மாதிரி தெரியும், காத்திருந்தார்கள்தான். தட்டு தட்டென்று கொட்டை உடைகிற சத்தம் கொட்டாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும்; தன் மகளின் தட்டு எது என்று தையல்நாயகிக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. பழகாத கை, இரண்டு தட்டுக்கு நடுவில் கொஞ்சம் தயங்கும்.

ஐப்பசியில் பொற்கலம் ஸ்டோர்ஸில் தீபாவளிக்கு இன்னொரு மேஜை போட்டார்கள். விரல் இல்லாதவர்களுக்காக இந்தத் தடவை கண்ணைப் பார்க்கிற மிஷின். மைக்கில் அதைச் சொல்லிக்கொண்டு ஆட்டோ தெருவுக்குள் வந்தபோது தையல்நாயகி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு வினோதினி வந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். கை இரண்டும் மணிக்கட்டுவரை கறுத்திருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, உடைந்ததன் மேலேயே இன்னொன்று கிளம்பியிருந்தது. தையல்நாயகி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒன் கையக் கொஞ்சம் குடுடி" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது இன்னதென்று அவளுக்கு உறைத்தது.

வினோதினி கொடுத்தாள், பொற்கலம் ஸ்டோர்ஸ் வாசலில் கொடுத்த மாதிரியே, யோசிக்காமல்.

தையல்நாயகி எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு விரலாகத் தடவினாள். மூன்று கோடு குறைந்த கட்டைவிரலாலும், அரிவாள்மணை வெட்டு விழுந்த ஆள்காட்டி விரலாலும் தடவினாள். இருபத்திரண்டு வருஷம் எரிச்சலைத் தவிர வேறெதையும் உணராத கைகள் இப்போது எல்லாவற்றையும் உணர்ந்தன. எங்கே தோல் பொரிந்திருக்கிறது, எங்கே சதை தெரிகிறது, எங்கே நாளைக்குக் கொப்புளம் வரப்போகிறது என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரிந்தது. உள்ளங்கையின் நடுவில் தொட்டபோது மகளின் கை ஒருதரம் துடித்து, உடனே அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டதும் தெரிந்தது.

"வலிக்குதாடி?"

"வலிக்கவே இல்லம்மா" என்றாள் வினோதினி. "மரத்துப்போச்சு."

தையல்நாயகி அந்தக் கையை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு ஊதினாள்.